முதல்ல காட்டுற வீடு

— செருப்பு வாங்கின பில் வரிக் கணக்குல செலவா வராது. எடுத்து உள்ள வை.

— ஏன் வராது? ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறி இறங்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா? லிஃப்ட் இருக்குன்னு சொல்லித்தான் ஓனர் சாவியைக் குடுப்பான். போய்ப் பார்த்தா லிஃப்ட் இருக்கும், ஓடாது. அப்ப தேயுறது என் செருப்புதானே?

— தேயுறது செருப்புதான், நான் இல்லைங்கல. ஆனா அதே செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் உங்க அக்கா வீட்டுக்கும் போற, காய்கறி வாங்கவும் போற. சட்டப்படி தொழிலுக்குன்னு மட்டும் இருக்கணும்.

— காய்கறி வாங்கப் போறப்பவும் நாலு பேர்கிட்ட வீடு வேணுமான்னு கேட்டுட்டுத்தான் வரேன்.

— அதை வரி ஆபீஸ்ல போய்ச் சொல்லு. சிரிப்பாங்க.

— நீங்க சிரிக்க மாட்டீங்களே, அது போதும். சரி, செருப்பை விடுங்க. அந்த நீலக் கவர்ல இருக்கிற பேப்பர்ல முதல்ல கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, மிச்சக் கணக்கை நிதானமாப் பார்க்கலாம்.

— கணக்கு முதல்ல. கையெழுத்து அப்புறம்.

— வந்ததுல இருந்து இதையே சொல்றீங்க. நம்ம வீட்டை வாங்குறவங்க நாளைக்குக் காலையில அட்வான்ஸோட வந்து நிப்பாங்க. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. நான் போட்டுட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி.

— நாளைக்குத்தானே? இன்னும் பொழுதே சாயல. அடுத்த பில்லை எடு.

— உங்களோட குடும்பம் நடத்தின காலத்துலயும் இதே கதைதான். வீடு பத்தி எரிஞ்சாலும் பில் எங்கன்னு கேப்பீங்க.

— பில் இருந்தாத்தான் இன்ஷூரன்ஸ்காரன் காசு குடுப்பான். இது என்ன, காபித்தூளா? மாசாமாசம் காபித்தூள் வாங்கியிருக்க. இது வீட்டுச் செலவு, இங்க வராது.

— அது தொழில் செலவு.

— வீடு பார்க்க வந்தவங்களுக்குப் போட்டுக் குடுத்தியா? அப்படின்னா ஒரு பாதியை எழுதலாம்.

— யாரும் குடிக்கல. வீடு பார்க்க ஆள் வர்றதுக்கு முன்னாடி அடுப்புல கொஞ்சம் தண்ணி வச்சு, காபித்தூளைப் போட்டுக் கொதிக்க விடுவேன். வீடு முழுக்க மணக்கும். வர்றவங்களுக்கு ஏன்னே தெரியாது, வாசப்படி தாண்டினதும் நம்ம வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கும். அவங்க போனதும் கீழ ஊத்திடுவேன்.

— ஊத்திடுவியா?

— சர்க்கரை கூடப் போடுறது இல்ல.

— அப்படின்னா முழுசா எழுதலாம். விளம்பரம்.

— பாருங்க, உங்களுக்கே பிடிச்சுப்போச்சு.

— எனக்குப் பிடிக்கிறது பிடிக்காதது இதுல இல்ல. லைசென்ஸ் புதுப்பிச்ச ரசீது, சரி. போர்டு எழுதின பில், சரி. போட்டோ எடுத்தவன் பில்லுல தேதியே இல்லையே.

— அவன் எடுத்த போட்டோலயும் ஒண்ணும் இல்ல. கூடத்தை எடுடான்னா கூரையை எடுத்து வச்சிருக்கான்.

— கமிஷன் வரவுல மறுபடியும் அதே தப்பு. கம்பெனி அவங்க பங்கைப் பிடிச்சுக்கிட்டு உன் கைக்கு என்ன வந்துச்சோ அதை மட்டும் எழுதியிருக்க. அப்படி எழுதக் கூடாது. முழுக் கமிஷனையும் வரவுல வச்சு, கம்பெனி பிடிச்சதைச் செலவுல வைக்கணும். வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

— வருஷா வருஷம் சொல்லட்டும்னுதான்.

— என்னது?

— மறந்துடுதுன்னு சொன்னேன். ஃபேன் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல.

— போன் பில். இதுல பாதி தொழில், பாதி சொந்தம்னு போடுறேன்.

— சொந்தமா நான் யார்கிட்டப் பேசுறேன்? அக்கா வீட்டுலயே இருக்கேன், அவகிட்டப் பேச போன் வேணாம். முழுசும் தொழில்தான்.

— ஒரு போன் கூட சொந்தமா இல்லையா?

— வருஷத்துல ஒரு தடவை ஒரு ஆடிட்டர் கூப்பிடுவார். ‘கடைசித் தேதி நெருங்குது, பையை எடுத்துட்டு வந்துட்டுப் போ’ன்னு சொல்லி டக்குன்னு வச்சிடுவார். அது தொழில்ல சேருமா, சொந்தத்துல சேருமா?

— அது தொழில்தான்.

— அப்ப முழுசா எழுதுங்க.

— எழுதிட்டேன்.

— பேசிக்கிட்டே பார்க்குறேன், அந்தப் பின்னாடி ரூம்ல இன்னும் அதே மடக்குக் கட்டிலா?

— ஏன், அதுக்கென்ன? ஒரு ஆளுக்குப் போதும்.

— இந்த ரூமை நான் வாடகைக்குக் காட்டினா எப்படிச் சொல்வேன் தெரியுமா? வேலை செய்யற இடத்துக்கு மிக அருகில், தனி நபருக்கு ஏற்ற, பராமரிப்பு குறைவான இடம். நிஜத்தைச் சொன்னா, ஆபீஸ் கதவைத் திறந்தா கட்டில்ல கால் இடிக்கும். சன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துச் சுவர்ல கை இடிக்கும்.

— சன்னலை நான் திறக்குறதே இல்ல.

— அது தெரியுது. கண்ணுக்குக் கீழ எப்படிக் கறுத்திருக்கு பாருங்க.

— பெட்ரோலுக்கு வருவோம். வண்டி ஓடின கணக்கைக் குடு. இது என்னம்மா, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு கேட்ட டாக்டரை முதல்ல எங்க கூட்டிட்டுப் போயிருக்க?

— எங்க?

— நம்ம தெருவுக்கு. அடுத்தது, ரெண்டு பிள்ளைங்க வச்சிருக்கிற டீச்சர், ஏரிக்கரைப் பக்கம் கேட்டிருக்காங்க. அவங்களும் முதல்ல நம்ம தெருவுக்கு. வடக்க வீடு பார்க்கிறவங்களைத் தெற்க கொண்டு போய்ச் சுத்திக் காட்டி, மறுபடி வடக்க. பெட்ரோல் என்ன குழாய்லயா வருது?

— அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

— சொல்லு. நாளைக்கு வரி ஆபீஸ்ல கேட்டா நான்தானே பதில் சொல்லணும்.

— கோவிச்சுக்கக் கூடாது.

— கணக்குல என்ன கோவம்?

— எங்க தொழில்ல முதல்ல காட்டுற வீடுன்னு ஒண்ணு வச்சிருப்போம். விக்கிறதுக்கு இல்ல, காட்டுறதுக்கு. வீடு தேடி வர்றவங்க மனசுல ஒரு மாளிகை இருக்கும். கையில அதுக்கு ஏத்த காசு இருக்காது. எடுத்த எடுப்புல நல்ல வீட்டைக் காட்டினா, அது சொட்டை, இது சொள்ளைம்பாங்க. அதனால முதல்ல ஒரு இருட்டு வீட்டைக் காட்டணும். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு வெளிய வருவாங்க. அதுக்கப்புறம் எதைக் காட்டினாலும் கண்ணுக்கு லட்சணமாத் தெரியும்.

— அந்த முதல் வீடு நம்ம வீடா?

— ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன்.

— கேக்குறேன்ல.

— ஆமா. நம்ம வீடுதான்.

— அது இருட்டு வீடா? சமையல்கட்டுல காலையில வெயில் வந்து விழுந்தா லைட்டே போட வேண்டாம். அந்த வெயில்ல நின்னுதான் நீ தலையைக் காய வைப்ப. மனசாட்சி இருக்கா உனக்கு?

— சன்னலைத் திறந்தாத்தானே வெயில் வரும். எல்லாத்தையும் சாத்தி வச்சிருக்கேன். கூட்டிட்டுப் போறதே சாயங்காலமாத்தான். மெயின் ஸ்விட்சை அணைச்சு வச்சுட்டு, கரண்ட் பிரச்சினை இருக்கும்போலன்னு சொல்வேன். குழாயைத் திறந்து காட்டுவேன், முதல்ல கொஞ்ச நேரம் துருவாத்தான் வரும். குளியலறைக் கதவு கத்தும், அதுக்கு எண்ணெயே விடல.

— காபி?

— நம்ம வீட்டுல மட்டும் கொதிக்க விட்டதே இல்ல.

— வீடு போகல, வீடு போகலைன்னு ஆறு வருஷமாச் சொல்லிட்டு இருந்தது இதனாலதானா? சுடுகாட்டுச் சுவரை ஒட்டின வீட்டையே அமைதியான சூழல்னு சொல்லி ஒரு வாரத்துல தள்ளிவிட்டவ நீ.

— அமைதியாத்தானே இருக்கும். பொய் ஒண்ணும் சொல்லலையே.

— பேச்சை மாத்தாத. ஊர்ல வேற இருட்டு வீடே கிடைக்கலையா?

— கிடைக்கும். அதுக்கு ஓனர்கிட்ட நேரம் கேட்டு நிக்கணும். நம்ம வீட்டுச் சாவி எப்பவும் என் கைப்பையில இருக்கு. எல்லாம் தொழில் வசதிக்குத்தான்.

— தொழில் வசதிக்கு.

— ஆமா. இந்த பெட்ரோல் வருமா வராதா, அதைச் சொல்லுங்க.

— வரும். ஆளோட போன பயணம், வரத்தான் செய்யும். ஆனா வியாழக்கிழமை வியாழக்கிழமை ஆள் பேரே இல்லாம நம்ம தெருன்னு போட்டிருக்க. அது யாரு?

— அது யாரும் இல்ல.

— யாரும் இல்லாம எதுக்குப் போன?

— வியாழக்கிழமை மதியம் ரெண்டு வீட்டுக்கு நடுவுல இடைவெளி விழும். அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வர நேரம் பத்தாது. அங்க போய்க் கூடத்துல துண்டை விரிச்சுப் போட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.

— வெறும் தரையிலயா?

— சாமான் எல்லாத்தையும்தான் உனக்குப் பாதி எனக்குப் பாதின்னு பிரிச்சுட்டோமே. தரையை யாரும் எடுத்துட்டுப் போகல, அது அப்படியே இருக்கு.

— அந்த பெட்ரோல் வராது.

— தெரியும்.

— அது சொந்த உபயோகம்.

— சொந்த உபயோகம்தான். அடிச்சுடுங்க.

— அடிச்சுட்டேன்.

— ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். அந்த எதிர் வீட்டம்மா நம்ம செடிக்குத் தண்ணி ஊத்துறாங்கன்னு நினைக்கிறேன். நான் ஊத்துறது இல்ல. காஞ்சு கிடந்தா நம்ம தொழிலுக்கு நல்லதுன்னு விட்டுட்டேன். ஆனா வாசல்ல எல்லாம் பச்சைப்பசேல்னு நிக்குது. நான் என்னத்தைச் சொல்லி வீட்டைக் கெடுக்க?

— எதிர் வீட்டம்மா இல்ல.

— பின்ன?

— ஞாயித்துக்கிழமை நான் போவேன். என்கிட்டயும் ஒரு சாவி இருக்கே. சன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், நீ ஏதோ காரணமாத்தான் சாத்தியிருப்பன்னு நான் தொட மாட்டேன். தண்ணியை ஊத்திட்டு வந்துடுவேன்.

— ஞாயித்துக்கிழமை இவ்வளவு தூரம் செடிக்காகவா போறீங்க? எதுக்கு?

— செடி காஞ்சா வீட்டு விலை குறையும்னு யாரோ சொன்னாங்க.

— நான்தான் சொன்னேன்.

— இருக்கும்.

— அப்ப விலைக்காகத்தான்.

— பின்ன வேற எதுக்கு? உன் போன் அடிக்குது, எடு.

— அவங்கதான், வாங்குறவங்க. ஒரு நிமிஷம். சொல்லும்மா... இல்ல, மறக்கல. அந்தக் கையெழுத்துக்காகத்தான் வந்து உக்காந்திருக்கேன்... சன்னல் அளவா? இப்பவே எதுக்கும்மா, நாளைக்கு முடியட்டும்... நல்லா இருக்கும். அந்தச் சுவருக்கு மஞ்சள் எடுப்பாத்தான் இருக்கும். சரிம்மா, வச்சிடறேன்.

— மஞ்சளா?

— சமையல்கட்டுச் சன்னலுக்கு மஞ்சள் திரை போடணுமாம் அந்தப் பொண்ணுக்கு. கடையிலேயே நிக்குது, அளவு கேக்குது.

— நாம பச்சை போட்டிருந்தோம்.

— பச்சை உங்க இஷ்டம். நான் மஞ்சள்தான் கேட்டேன்.

— எப்ப கேட்ட? எனக்கு ஞாபகமே இல்லையே.

— மனசுக்குள்ள கேட்டேன்.

— மனசுக்குள்ள கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?

— சட்டப்படி தெரியாதுதான்.

— அவங்க எப்படி? நல்ல மாதிரியா?

— கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து சைக்கிள் கடை நடத்துறாங்க. சாயங்காலம் வாங்கன்னு சொன்னேன், இல்லைங்கக்கா காலையிலதான் வருவோம்னு ஒரே பிடிவாதம். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அந்தப் பொண்ணு விறுவிறுன்னு உள்ள போய் சமையல்கட்டுச் சன்னலைத் திறந்துடுச்சு. வெயில் வந்து தரையில விழுந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு அந்தத் தரையை வெயில்ல பார்க்குறேன், எனக்கே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. சமாளிச்சுக்கிட்டு என் குறையெல்லாம் ஒப்பிச்சேன். தண்ணி துருவா வரும்னேன். குழாயை மாத்திக்கலாம்ங்கிறான் அவன். கதவு கத்தும்னேன். சைக்கிளுக்கு விடுற எண்ணெய்ல ரெண்டு சொட்டு விட்டா போதும்ங்கிறான். ஒரு வீட்டை விக்க விடாம பண்ண இவ்வளவு பாடுபட்ட புரோக்கர் வேற யாரும் இருக்க மாட்டாங்க.

— ஏன் அவ்வளவு பாடு?

— முதல்ல காட்டுற வீடு போய்ட்டா அப்புறம் என் தொழில் என்ன ஆகும்?

— தொழில்.

— பின்ன வேற என்ன? அப்புறம் ரெண்டு பேரும் கட்டிலை எங்க போடுறதுன்னு சண்டை போட ஆரம்பிச்சாங்க. வாசலைப் பார்த்துப் போடலாம்ங்கிறான் அவன், சன்னலைப் பார்த்துன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, வீடு போய்டுச்சுன்னு. எல்லாத்துக்கும் தலையாட்டுற ஜோடி வாங்காது. கட்டிலுக்குச் சண்டை போடுற ஜோடி கண்டிப்பா வாங்கிடும்.

— நாமளும் சண்டை போட்டோம்.

— உங்க மேசைக்கு. சாப்பிடுற இடத்துல ஆபீஸ் மேசையைப் போடுவேன்னு நின்னீங்க.

— நீ விடல.

— விட்டிருக்கலாமோ என்னவோ.

— யார் சொல்லி வந்தாங்களாம் அவங்க?

— ஏன், அதை எந்தக் கட்டத்துல எழுதப் போறீங்க?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்குற ஆளா நீங்க? பில் இல்லாத கேள்வியாக் கேக்குறீங்க இன்னைக்கு.

— சரி, விடு. வீடு முடிஞ்சதும் நீ என்ன பண்ணப் போற?

— கம்பெனி கடலோரத்துல ஒரு ஊர்ல புது ஆபீஸ் திறக்குது. இங்க இருந்து ரயில்ல ஒரு ராத்திரி, ஒரு பகல். வர்றீங்களான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன். வீட்டுக் காசுல என் பங்கு வந்ததும் கிளம்பிடுவேன்.

— எப்ப சரின்னு சொன்ன?

— பேப்பர்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே.

— அப்ப அடுத்த வருஷம் கணக்கு?

— அந்த ஊர்ல ஆடிட்டரே இல்லாமலா போய்டுவாங்க.

— இருப்பான். உன் பையைப் பார்த்துட்டு ஓடிப்போய்டுவான்.

— ஓட மாட்டான். அவனுக்குத் தேதிவாரியா அடுக்கி, வரவு தனி, செலவு தனின்னு கவர் போட்டுக் குடுப்பேன்.

— உனக்கு அதெல்லாம் வருமா?

— ஏன் வராது? ஒரு வீட்டுக்குப் பத்திரம், வரைபடம், வரி ரசீதுன்னு அத்தனையும் வரிசையா அடுக்கி வச்சுத்தானே விக்கிறேன்.

— அப்புறம் எனக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் காய்கறிப் பையில அள்ளிப் போட்டுக் கொண்டு வர்ற?

— அடுக்கிக் குடுத்தா அரை மணி நேரத்துல முடிச்சு அனுப்பிடுவீங்களே.

— அரை மணி நேரத்துல.

— என்ன, பேனாவைக் கீழ வச்சுட்டீங்க? எழுதுங்க.

— எழுதுறேன். இதுல ஒரு சிக்கல் இருக்கு. வீட்டை வித்தா, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி லாபத்தைத் தனித்தனியாக் காட்டணும். அது குடியிருந்த வீடா, தொழிலுக்கு வச்சிருந்த இடமான்னு பார்ப்பாங்க. குடியிருந்த வீடுன்னா வரி குறையும். நீ பெட்ரோல் கணக்கெல்லாம் எழுதி அதைத் தொழில் இடமாக்கி வச்சிருக்க.

— குடியிருந்த வீடுன்னே எழுதுங்க.

— எப்படி எழுத? ஆறு வருஷமா யாரும் குடியிருக்கல. குடியிருந்த வீட்டை ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேள்வி வரும்.

— ஃபார்ம்ல அப்படி ஒரு கேள்வி இருக்கா?

— ஃபார்ம்ல இல்ல. நான் கேக்குறேன்.

— முதல்ல போனது நீங்க. கொஞ்ச நாள் தள்ளி இருந்து பார்ப்போம்னு ஒரு பெட்டியைத் தூக்கிட்டு இந்த ரூமுக்கு வந்துட்டீங்க.

— கொஞ்ச நாள்னுதானே சொன்னேன்.

— கொஞ்ச நாள்னா எப்ப வரைக்கும்னு சொல்லல. எல்லாத்துக்கும் கடைசித் தேதி வச்சிருக்கிற மனுஷன், அதுக்கு மட்டும் ஒரு தேதி சொல்லல.

— நீ கூப்பிடுவன்னு இருந்தேன்.

— நீங்க வருவீங்கன்னு நான் இருந்தேன். புள்ளைக்குட்டி இருந்தாலாவது ஒரு சாக்கு இருக்கும், அதுக்குக் காய்ச்சல்னு சொல்லிக் கூப்பிடலாம். நமக்கு அதுவும் இல்ல. அவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்க முடியாம அக்கா வீட்டுக்குப் போனேன்.

— அப்புறம் வீட்டை வித்துடலாம்னு சொன்னது நீதான்.

— நான் எங்க சொன்னேன்? வீடு சும்மா கிடக்கே, என்ன பண்றதுன்னு கேட்டேன். வித்துடுன்னு சொன்னது நீங்க.

— வீடு விக்கிறவ வந்து வீட்டை என்ன பண்றதுன்னு கேட்டா, விக்கட்டுமான்னு கேக்குற மாதிரிதானே இருக்கும்?

— வா, ரெண்டு பேரும் போய் இருக்கலாம்னு சொல்வீங்கன்னு கேட்டேன்.

— இதை இப்ப சொல்ற.

— நீங்களும்தான் இப்ப கேக்குறீங்க. எல்லாம் அந்தச் சட்டையில ஆரம்பிச்சது.

— எந்தச் சட்டை?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. மாசச் சம்பளத்தை விட்டுட்டு நான் இந்தத் தொழிலுக்கு வந்தது உங்களுக்குப் பிடிக்கல. சரி, பிடிக்க வச்சுடலாம்னு இருந்தேன். முதல் கமிஷன் கைக்கு வந்த அன்னைக்கு வேற எதுவும் வாங்காம, நேரா கடைக்குப் போய் உங்களுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வந்தேன். கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு நீங்க என்ன கேட்டீங்க?

— பில் எங்கன்னு கேட்டேன்.

— நல்லா இருக்கு, இல்லைன்னு ஒரு வார்த்தை கிடையாது. பில் எங்க. நான் என்ன திருடிட்டா வந்தேன்?

— சட்டை சின்னதும்மா. தோள்ல ஏறவே இல்ல. மாத்தி வாங்கணும்னா கடையில பில் கேப்பான். அதுக்குத்தான் கேட்டேன்.

— இதுக்கா?

— இதுக்குத்தான்.

— அன்னைக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?

— சொல்றதுக்குள்ள நீ அழ ஆரம்பிச்சுட்ட. அழுதுட்டு இருக்கிறவகிட்ட சட்டை சின்னதுன்னு வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்.

— அந்தச் சட்டையை என்ன பண்ணீங்க?

— உள்ள பெட்டியில இருக்கு. மாத்தவே இல்ல. போடவும் முடியாது, குடுக்கவும் மனசு வரல.

— தண்ணி இருக்கா?

— அந்தக் கூஜாவுல இருக்கு. டம்ளரைக் கழுவித் தரேன், இரு.

— வேண்டாம், அப்படியே குடுங்க.

— மெதுவாக் குடி. புரை ஏறும்.

— சரி, போதும். பழசைக் கிளறி இனிமே என்ன ஆகப் போகுது? கவரை எடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருக்கேன். போட்டுக் குடுத்தீங்கன்னா இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுவேன்.

— நிஜமாவே குடுத்துடணும்னு நினைக்கிறியா?

— என் கையெழுத்து இருக்கே, பார்க்கலையா?

— பார்த்தேன். நீ வந்து உக்காந்ததும் முதல்ல அதைத்தான் பார்த்தேன். அதைப் பார்த்ததுல இருந்துதான் ஒவ்வொரு பில்லாக் கையில வச்சுக்கிட்டு இழுத்தடிச்சுட்டு இருக்கேன். உன் கணக்கு ஒரு மணி நேர வேலை. எல்லா வருஷமும் ஒரு மணி நேர வேலைதான். நானும்தான் சாயங்காலம் வரைக்கும் இழுக்குறேன்.

— என்ன சொல்றீங்க?

— ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

— கீழ தையல் மெஷின் ஓடுது. கத்தினாலும் யாருக்கும் கேக்காது, சொல்லுங்க.

— அந்த சைக்கிள் கடைக்காரங்க என்கிட்டதான் கணக்கு பாக்குறாங்க.

— ம்.

— வீடு தேடுறோம் சார்னு சொன்னாங்க. உன்கிட்ட அனுப்பினது நான்தான். காலையில போங்க, போனதும் சமையல்கட்டுச் சன்னலைத் திறங்க, மிச்சத்தை வீடே சொல்லும்னு சொல்லி அனுப்பினேன். என் பேரை மட்டும் சொல்லிடாதீங்கன்னேன்.

— ம்.

— நிஜமா ஒருத்தங்க வந்து வீட்டைக் கேட்டுட்டா, நீ குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவன்னு நினைச்சேன். அதைச் சொல்றதுக்கு நீ இங்க வரணும்ல. வரி கட்டுற மாசமா இல்லாத ஒரு நாள்ல, கையில பை இல்லாம, எனக்கு மனசு வரலைங்கன்னு சொல்லிட்டு அந்த வாசல்ல வந்து நிப்பன்னு நினைச்சேன். ஒவ்வொரு நாளும் படியில செருப்புச் சத்தம் கேட்டா நீதான்னு எழுந்திரிச்சுப் பார்ப்பேன். இன்னைக்கு வந்த, பேப்பரோட வந்த. எனக்கு அந்த வீடு வேணும்மா. நீ உள்ள இருக்கிற மாதிரி வேணும். ஆறு வருஷம் இருட்டாக்கி வச்சுக் காப்பாத்தினவ, எப்படி ஒரே நாள்ல கையெழுத்துப் போட்ட?

— அந்தப் பொண்ணுக்கு வாய் நிக்கல, வந்த அன்னைக்கே எங்க ஆடிட்டர் சார்தான் அனுப்பினார்னு சொல்லிடுச்சு. நீங்களே ஆள் பார்த்து அனுப்புற அளவுக்கு உங்களுக்கு அந்த வீடு வேண்டாதது ஆகிப்போச்சுன்னு நினைச்சுத்தான் போட்டேன்.